தண்ணீர் நிற்காத ஊருக்கு நிவாரணம்

பெஞ்சல் புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள், 2024 டிசம்பர் 3 அன்று, தமிழக அரசு வெளியிட்ட நிவாரண அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கும் மேலாக மழைநீர் சூழ்ந்து வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு, குடும்ப அட்டை அடிப்படையில் தலா 2,000 ரூபாய். மணலூர்ப்பேட்டையிலும் திருக்கோவிலூரிலும் தென்பெண்ணைக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்த வரி எளிதில் விளங்கும். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர் அந்தக் கரைகளில் என்ன செய்தது என்பதை வீட்டுச் சுவரில் படிந்த சேற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதே வரியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கோ சேராப்பட்டுக்கோ எடுத்துக்கொண்டு ஏறினால் பொருந்தாது. மலைச்சரிவில் தண்ணீர் இரண்டு நாள் நிற்பதில்லை, இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. மேல்மண்ணையும் வேரையும் பாதையையும் அடித்துக்கொண்டு இறங்கிவிடும். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா அணைகளுக்கு வந்து, அங்கிருந்து வெள்ளாற்றில் போய்ச் சேர்கிறது. மழை மலையில் பெய்கிறது, வெள்ளக் கணக்கு சமவெளியில் எழுதப்படுகிறது. பிரதமருக்கு மாநில அரசு எழுதிய கடிதத்திலும் 2,11,139 ஹெக்டேர் விளைநிலம் நீரில் மூழ்கியதாகவே கணக்குச் சொல்லப்பட்டது. மூழ்கிய நிலத்தை அளக்க முடியும். கரைந்துபோன நிலத்தை அளக்க எவரும் கிளம்புவதில்லை.

நிவாரணத்துக்காக மக்களோடு அலுவலகப் படியேறும் சமூகப் பணியாளர்களும் சட்டத் தன்னார்வலர்களும் இந்த இதழின் வாசகர்கள். புயலுக்குப் பிறகு அவர்கள் எழுதும் மனுக்களில் பெரும்பாலானவை தோற்பதற்குக் காரணம், அவை புயலுக்குப் பிறகு எழுதப்படுவதுதான். ஒரு குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது புயல் உருவாவதற்குப் பல மாதங்கள் முன்பே, அட்டையிலும் அடங்கலிலும் பட்டாவிலும் முடிவாகிவிடுகிறது. எஞ்சியிருப்பதையும் இழப்பு எப்படி வரையறுக்கப்படுகிறது என்பது முடித்துவைக்கிறது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாநில அரசு உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டது. டிசம்பர் 6ஆம் தேதி மத்திய அரசு 944.80 கோடி ரூபாயை விடுவித்தது. அது மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய மத்தியப் பங்கின் இரண்டு தவணை. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கூடுதலாக 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தபோது 2025 ஏப்ரல் பிறந்துவிட்டது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான இந்த இழுபறி செய்தித்தாள்களில் போதுமான அளவு வந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் குக்கிராமத்துக்கும் இடையிலான இழுபறிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. சமவெளியில் மக்கள் சாலைக்கு வந்தார்கள். திருச்சி – சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய இருவேல்பட்டில் மறியல் நடந்தது, பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு விழுந்தது, நாடே பார்த்தது. மலைக்கிராமத்தில் மறியல் செய்தால் தடைபடுவது அந்த ஊருக்கு வரும் ஒற்றைப் பேருந்துதான்.

களப்பணியாளர்களில் பலர் பிரித்துப் படிக்காத ஆவணம் ஒன்று இருக்கிறது. மாநில, தேசியப் பேரிடர் நிதிகளிலிருந்து எந்த இழப்புக்கு எவ்வளவு தரலாம் என்று 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய உள்துறை வகுத்த விதிமுறை அது. மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய் என்ற தொகைகளை எல்லோரும் அறிவார்கள். டிசம்பர் அறிவிப்பில் இருந்தவையும் அவையே. ஆனால் அதே விதிமுறையில் மலைக்கென்றே எழுதியது போன்ற இனங்களும் உண்டு. மலைப்பகுதி விளைநிலத்தில் சரிந்து விழுந்த கல்லையும் மண்ணையும் அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். நிலச்சரிவிலோ ஆறு போக்கு மாறியதிலோ நிலத்தின் பெரும்பகுதியே போய்விட்டால், சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம் என்றால் மலையில் 1.30 லட்சம். நம்மில் எத்தனை பேர் இந்த இனங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம்? ‘புயலால் பாதிக்கப்பட்டேன், ஆவன செய்யவும்’ என்று முடியும் மனுவை எந்த இனத்தில் சேர்ப்பது என்று பிரிவு எழுத்தருக்கும் தெரியாது.

47,000 ரூபாய் இனத்தில் ஒரு முள் இருக்கிறது. வருவாய்ப் பதிவேட்டின்படி நிலம் முறையாக அவருடையதாக இருக்க வேண்டும். கல்வராயன் மலையில் கால் இடறுவது இங்கேதான்.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆட்சியில் இருந்த இந்த மலை 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. சமவெளியில் தலைமுறை தலைமுறையாக இருந்த பட்டாவும் சர்வே எண்ணும் இங்கே அதற்குப் பிறகு வந்தவை. இன்றும் பட்டா நிலம், காப்புக்காடு, அனுபவத்தில் மட்டும் இருக்கும் கொல்லை மூன்றும் ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதைச் சரிசெய்திருக்க வேண்டும். 2008இல் வந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் வழங்குவது முடங்கியது, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்தது. கிடைத்த பட்டாக்களிலும் பல தாத்தா பெயரில் நிற்கின்றன. தாத்தா காலமாகிவிட்டார், பாகம் வாய்ப்பேச்சில் நடந்தது, பட்டா மாறுதலுக்கு யாரும் போகவில்லை. வருவாய் ஆய்வாளர் வந்து “நிலம் யார் பெயர்ல?” என்று கேட்கும்போது சொல்லப்படும் பெயருக்குரியவர் இறந்து பல வருடம் ஆகியிருக்கும்.

குடும்ப அட்டையிலும் இதே கதைதான். ஒரே அட்டையில் மூன்று அடுப்பு. அண்ணன் தம்பிகள் கல்யாணம் ஆகித் தனித்தனிக் குடிசையில் இருப்பார்கள், அட்டை மட்டும் அப்பா பெயரில் ஒன்றாக இருக்கும். 2,000 ரூபாய் அட்டைக்குத்தான், அடுப்புக்கு இல்லை. மூன்று குடிசை சரிந்தாலும் ஒரு குடிசையாகப் பதிவாகிவிடும் அபாயம் இதிலிருந்துதான் வருகிறது. சேதமான குடிசைக்கு 10,000 ரூபாயும், முற்றிலும் இடிந்ததற்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமையும் அறிவிக்கப்பட்டன. இரண்டாவதைப் பெறப் போனால் மனை யார் பெயரில் என்ற கேள்வி மறுபடி முன்னே வந்து நிற்கும்.

பிறகு, ஊரில் இல்லாதவர்கள். மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்குப் புயல் செய்தி செல்பேசியில் வரும், பேச முயன்றால் கோபுரம் வேலை செய்யாது. வயதான தாய் தந்தைக்காக மகன் தொலைவிலிருந்து நிவாரணம் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்கெடுக்க வரும் நாளில் கூரை போட்ட வீடு பூட்டியிருந்தால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கிராம நிர்வாக அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு நடந்து போய், சில நாட்களுக்குள் பட்டியல் கொடு என்ற உத்தரவுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பயிர்க் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் உதவி. வேளாண் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து வந்து கண்ணால் பார்த்து மதிப்பிடுகின்றன. சாய்ந்த மக்காச்சோளம் கண்ணுக்குத் தெரியும். குச்சிக்கிழங்கு அப்படியில்லை. மேலே இலை பச்சையாகவே நிற்கும், ஈரம் கோத்த மண்ணுக்குள் கிழங்கு மெல்ல அழுகும். அது தெரியவரும்போது கணக்கெடுப்பு முடிந்து பட்டியல் மாவட்டத்துக்குப் போயிருக்கும். ஒவ்வொரு கொல்லையிலும் நாலைந்து செடியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள் என்று விவசாயியிடம் சொல்வது சிறிய அறிவுரைதான். அலுவலர்களை நிறுத்திவைத்து அதைச் செய்ய வைக்க ஒரு களப்பணியாளர் அங்கே இருக்க வேண்டும். தோட்டக்கலைப் பயிர் என்பதால் அந்தத் துறை அலுவலரும் குழுவில் வரவேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பயிர்க் காப்பீடு செய்தவர்களுக்கு நேரம் இன்னும் குறைவு. நிலச்சரிவு போன்ற அந்தந்த இடத்து இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. மின்சாரமும் செல்பேசியும் இல்லாத மலையில் அந்த 72 மணி நேரம் பேசாமலே கழிந்துவிடும்.

ஆவணம் இல்லாத நிலமும் அதில் வாழும் மக்களும் கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தது. வாய்மொழியாகக் கைமாறிய பரம்பரை வீடுகளில் இருந்த பல்லாயிரம் குடும்பங்களின் விண்ணப்பங்களை, உரிமைப் பத்திரம் இல்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் பேரிடர் முகமை தள்ளியது. சட்ட உதவி அமைப்புகள் விடாமல் வாதாடின. 2021இல் முகமை தன் விதியைத் திருத்தி, வேறு ஆவணம் இல்லாதவர்களின் சுய உறுதிமொழியையும் ஏற்க முன்வந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் தாக்கிய இலங்கையிலும் இதே முடிச்சுதான். கண்டி, பதுளை, நுவரெலியா சரிவுகளில் மண் இறங்கியபோது, தோட்ட லயன்களில் தலைமுறையாக வாழும் மலையகத் தமிழர்களுக்கு இழந்த வீடும் அது நின்ற நிலமும் சொந்தப் பெயரில் இல்லை.

தமிழ்நாட்டிலும் விதி வளைந்த முன்னுதாரணங்கள் உண்டு. 2018இல் கஜா தென்னையைச் சாய்த்தபோது ஹெக்டேர் கணக்கோடு நிற்காமல், வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று தனிக் கணக்கு போடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது, அட்டை இல்லாதவர்களும் நியாயவிலைக் கடையில் விண்ணப்பம் தரலாம் என்று சென்னையில் வழிவிட்டார்கள். சென்னைக்குச் செய்தது சேராப்பட்டுக்கு ஏன் ஆகாது என்று கேட்கக் களப்பணியாளருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேவையில்லை.

சட்டமும் கையில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு, பட்டியல் பழங்குடியினருக்கும் வெள்ளம் போன்ற பேரிடரில் சிக்கியவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றுக்கு இரண்டு வழியிலும் கதவு திறந்திருக்கிறது. நிவாரணத்தில் சாதி, சமூகம், மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு. கருணைத் தொகைக்கு வழிகாட்டுதல் வகுப்பது பேரிடர் ஆணையத்தின் கடமை, விருப்பம் அல்ல என்று கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாராயம் வந்த பிறகுதான் நீதிமன்றத்தின் கண்ணில் மலை பட்டது என்பது வேதனை. பட்டது என்பதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது அதைவிட மோசம்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், மனு கொடுக்க விழுப்புரம்வரை போன காலம் முடிந்துவிட்டது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்க வேண்டும், தேதியில்லாத மனு செல்லாக்காசு. சேதத்தின் படத்தில் சர்வே எண்ணோ, ஊர் அடையாளம் காட்டும் ஏதாவதோ, வீட்டார் ஒருவரோ இருக்க வேண்டும். மாடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரவேண்டும். மாட்டுக்கான நிவாரணத் தொகை 37,500 ரூபாய் பெரும்பாலும் அந்தச் சான்று இல்லாமல்தான் கைநழுவுகிறது. வெளியூரில் இருக்கும் மகன்களின் செல்பேசி எண்களை ஊருக்கு ஒரு நோட்டில் எழுதிவைப்பது ஒரு மாலை வேலை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை சூடுபிடிக்கும் முன் வருவது அக்டோபர் 2 கிராம சபை. அதில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் எத்தனை அடுப்பு, எத்தனை குடிசை, எந்தக் கொல்லையில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார், எந்தப் பட்டா இறந்தவர் பெயரில் இருக்கிறது என்ற பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை வட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். ‘நீர் சூழ்ந்த’ என்பதோடு ‘மண் சரிந்த, பாதை துண்டான’ என்ற சொற்களையும் நிவாரண வரையறையில் சேர்க்கக் கோரும் தீர்மானமும் அதே சபையில் வரவேண்டும். கல்வராயன் மலை ஊராட்சிகளில் பணியாற்றும் வாசகர்கள் இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும் என்று இதழ் கேட்டுக்கொள்கிறது. நிறைவேறிய தீர்மானங்களின் நகலை அனுப்பினால் அடுத்த இதழ்களில் அவற்றை முழுமையாக வெளியிடுவோம்.