சோதனைக்கூடம் பிச்சைப் பொருளா?

1888இல் திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தநாள் 1962 முதல் ஆசிரியர் தினம். ஆண்டுதோறும் படத்துக்கு மாலை! ஏழைப் பிள்ளைகளின் சோதனைக்கூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் வாங்கவோ, "நன்கொடை தாரீர்" என்று திருவோடு!

சர்க்காரிடம் பணமில்லையா? பள்ளி ஆய்வுக் கருவிகளுக்கும் உதவுவது சமக்ர சிக்ஷா திட்டம். அதில் 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்குச் சேரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. காரணம்? தேசியக் கல்விக் கொள்கையைச் சுமத்தும் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லையாம்!

ஆலைத் தோழர்களே, வயலில் உழைக்கும் தாய்மார்களே! சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுப்பவர்கள் நாம். அமிலத்தைக் கண்ணால் காணாமலே விஞ்ஞானத்தை மனப்பாடம் செய்யவா நம் பிள்ளைகள் பிறந்தார்கள்? தணிகைமலை உண்டியலில் நாம் போடுவது காணிக்கை. பள்ளிக்கூடத்துக்கு நாம் கேட்பது உரிமை. வள்ளல்களின் வாசலில் நிற்காதீர்! சர்க்காரின் வாசலில் திரளுவீர்!