படத்தைப் பார்த்துக் கார் வாங்குவதா?

2012ஆம் ஆண்டில் இக்மன் இணையத்தளம் இலங்கையில் தோன்றியபின், அட்டனில் இருப்பவர் கொழும்பிலுள்ள பாவித்த காருக்கு வீட்டிலிருந்தவாறே விலை பேசும் வசதி பிறந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படவே, பாவித்த வாகனங்களின் விலை மலையேறிற்று. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதிக்கு வழி திறந்தும், வரிச்சுமை காரணமாக, நுவரெலியா மரக்கறி விவசாயிக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கும் பழைய வாகனமே கதி.

தரகர் பிடி தளர்ந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால், ரம்பொடை ஏற்றத்தில் கிளச் தாங்குமா, கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்பதைப் படம் சொல்லுமா? இந்தியாவில் 2015இல் தொடங்கிய கார்ஸ்24 நிறுவனம் வாகனத்தைப் பரிசோதித்துத் தானே வாங்கி விற்கிறது. இங்கோ பெரும்பாலும் விளம்பரம் வெளிவந்ததோடு தளத்தின் கடமை தீர்ந்துவிடுகிறது! பெயர் மாற்றாத 'ஓப்பன் பேப்பர்' வாகனங்கள் கைமாறிக்கொண்டே போகின்றன. விபத்து நேர்ந்தாலோ, என்றோ விற்றுவிட்டவரின் வாசலுக்கே பொலிஸ் வருகிறது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவேட்டோடு ஒப்புநோக்காத எந்த வாகன விளம்பரமும் வெளிவரலாகாது என்று அரசு விதி செய்யவேண்டும். பதிவு விபரம் வாங்குபவருக்குத் தமிழிலும் கிடைக்கவேண்டும். மலையகத்துப் பிரதிநிதிகள் இதைப் பாராளுமன்றத்தில் எழுப்புவார்களா?