ஃபார்முலா போதும் என்கிறவர்களுக்கு

என் பழைய மாணவர்களே, சொந்தங்களே,

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் பாடம் எடுக்கும் என் மாணவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். ஆப்-ஆம்ப் பாடத்தைத் தலைகீழாக நடத்துகிறீர்கள்.

தங்கை பேரனின் நோட்டைப் புரட்டினேன். முதல் வரியே, "இரண்டு இன்புட்டும் சம வோல்டேஜில் இருக்கும்." ஏன் என்றேன். "அது ரூல், தாத்தா" என்றான்.

ரூல் இல்லை, விளைவு. 741 ஐசியை எடுங்கள். இன்புட்டில் 10 கிலோ ஓம், ஃபீட்பேக்கில் 100 கிலோ ஓம். அரை வோல்ட் கொடுத்தால் மைனஸ் 5 வோல்ட். இப்போது 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் மாற்றிவிட்டு அதே ரூலை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதே மைனஸ் 5 வரும்! பிரெட்போர்டில் வராது. பிளஸ், மைனஸ் 15 வோல்ட் சப்ளை என்றால், அவுட்புட் ஏதாவது ஒரு பக்கம் 13, 14 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மொட்டைமாடித் தொட்டியின் மிதவையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏற அது குழாயை மூட வேண்டும். மாற்றி மாட்டினால் ஏற ஏறத் திறக்கும், தொட்டி வழியும். அவ்வளவுதான் விஷயம். சரியாக மாட்டிய 741-இன் பெருக்கம் சுமார் 2 லட்சம். 5 வோல்ட் வர இன்புட்டுகளுக்கிடையே 25 மைக்ரோவோல்ட் வித்தியாசம் போதும் (ஆஃப்செட் தனிக் கதை). அதைத்தான் "சமம்" என்கிறோம்.

1927-இல் ஹரால்ட் பிளாக் கண்டுபிடித்ததே இதைத்தான். கையில் இருக்கும் பெருக்கத்தில் பெரும்பகுதியைத் தெரிந்தே விட்டுக்கொடுத்து, தொலைபேசிப் பெருக்கியின் திரிபைக் குறைத்தார். பேடன்ட் கிடைக்கவே 1937 ஆனது. இந்தக் கதைக்கு வகுப்பில் பத்து நிமிடம் கிடையாதா?

"பரீட்சைக்கு இது போதும் சார்" என்பீர்கள். பரீட்சைக்குப் போதும், டிசைனுக்குப் போதாது. 741-இன் 2 லட்சம் பெருக்கம் 100 கிலோஹெர்ட்ஸில் வெறும் 10 ஆகிவிடும். விட்டுக்கொடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சிறு சிக்னல் கொடுத்தால்கூட, ஃபார்முலா 10 மடங்கு என்று சொன்ன அதே சர்க்யூட் 7 மடங்கு தராது. ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துப் பிள்ளை அழுவான்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், பொறியாளன் இல்லை. எனக்கே இது புரிகிறதென்றால் உங்கள் பிள்ளைகளுக்குப் புரியாதா? அடுத்த லேபில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கொடுங்கள். சுவிட்ச் போடும் முன் என்ன வரும் என்று எழுதச் சொல்லுங்கள். பதில்களை இங்கே கமெண்டில் போடுங்கள், நான் திருத்துகிறேன்.