சுவருக்கு மரப்போர்வை தேவையா?

புதுசாக ஃபிளாட் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "ஹாலுக்கு மரப் பேனல் போட்டால் நன்றாக இருக்குமா?" என்றும் கேட்கிறார்கள். அழகு விஷயம்தானே என்று விட்டுவிட முடியாது. இதில் ஆரோக்கியமும் கலந்திருக்கிறது.

தி.நகரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு இப்போது ஏழாவது மாதம். வீட்டில் பேனல் பேச்சு ஆரம்பித்ததும் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். "ஹோட்டல் லவுஞ்ச் மாதிரி ஜம்முனு இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. "பகல்லயே விளக்குப் போட வேண்டியிருக்கும்டா" என்றார் மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த மாமியார். அவளோ, "கண்ணுக்கு இதமாத்தான் இருக்கு பெரியம்மா. ஆனா குழந்தை ரூமுக்கும் போடலாமா?" என்று என்னைக் கேட்டாள். ஒரே பலகை, ஒருவருக்கு அந்தஸ்து, ஒருவருக்கு இருட்டு, ஒருத்திக்கு இதம்!

அந்த இதம் வெறும் பிரமை இல்லை. ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிலரை மரப் பலகைச் சுவருக்கு எதிரிலும், வெள்ளை இரும்புத் தகட்டுச் சுவருக்கு எதிரிலும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மரம் பிடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சற்று இறங்கியது. மரம் பிடிக்காதவர்களுக்குக்கூட ஏறவில்லை. இரும்புத் தகடு பிடிக்காதவர்களுக்குத்தான் ஏறியது. 2007-ல் இன்னொரு சோதனை: மரமே இல்லாத அறை, 45 சதவீதம் மரம் தெரியும் அறை, 90 சதவீதம் தெரியும் அறை என்று மூன்று. எது சௌகரியம் என்று கேட்டபோது முன்னால் நின்றது 45 சதவீத அறை! நாலு சுவரையும் மூடினால் இதம் இரட்டிப்பாகும் என்று எண்ண வேண்டாம்.

நம் பெரியவர்கள் இதைக் கணக்குப் போடாமலே செய்திருக்கிறார்கள். மயிலாப்பூரில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். தூண், நிலை, கதவு, உத்தரம், ஊஞ்சல் எல்லாம் மரம். சுவர் மட்டும் சுண்ணாம்பு. தூணைச் சுற்றிக் காற்று போகும். கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலை ஏராளம். அங்கேயும் மர அழிகளின் இடுக்கு வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சுவரோடு ஒட்டி அறைந்த பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, இன்று 'மரம்' என்று விற்பதெல்லாம் முழு மரமல்ல. பெரும்பாலும் பிளைவுட் மேல் வெனீர் என்ற மெல்லிய மரச் சீவலை ஒட்டியதுதான். அந்தப் பிளைவுட்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற வாயு மெதுவாக வெளியேறலாம். கண் எரிச்சல், தொண்டைக் கமறல் வரும். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் அறிவித்தது. வெயிலும் ஈரப்பதமும் அதிகமானால் வாயுவும் அதிகமாக வரும். நம் சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமா? பச்சைக் குழந்தை நாள் முழுக்க அதே அறையில்தானே படுத்திருக்கும்!

அதனால் என் தங்கை மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்:

குழந்தை அறைக்குப் பேனல் வேண்டவே வேண்டாம். தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலியோ தொட்டிலோ போதும்.

ஹாலில் ஒரே ஒரு சுவருக்குப் போடுங்கள். சின்ன ஹாலானால் வெளிர் நிற மரமாக இருக்கட்டும்.

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர், பாத்ரூமை ஒட்டிய சுவர், ஓதம் காத்த சுவர் ஆகியவற்றைத் தொடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறில் எனக்குத் தெரிந்த வீட்டில் பேனல் முழுக்க உப்பிப் பிரிந்து குப்பைக்குப் போயிற்று. பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் காய்ந்ததும் ஒரு பூச்சோடு சரியாகிவிட்டது.

கடையில் இ-1 அல்லது இ-0 தரமா என்று கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்குச் சில மாதம் முன்பே வேலையை முடித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரையான் மருந்தும் பலகை ஏறுமுன்பே அடித்தாக வேண்டும்.

சுவாமி விளக்கு இருக்கும் இடத்தில் பேனல் கூடாது. எண்ணெய்ப் புகையும் ஒட்டும். நெருப்புப் பயமும் உண்டு.

பணம் கொடுக்குமுன், ஒரு சாம்பிள் பலகையை வாங்கி வந்து பத்து நாள் ஹாலில் சாய்த்து வையுங்கள். காலை வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். அதைத் தினமும் தூசி தட்டித் துடைக்கப் போகிறவளை முதலில் கேளுங்கள்!