திரும்பி வந்தவருக்கு ஊரில் என்ன இருக்கிறது?

வளைகுடா நாட்டில் இருந்து ஒருவர் திரும்பினால் கைநிறையக் காசோடு வந்திருப்பார் என்பது பொதுவான எண்ணம். கட்டுமானம், துப்புரவு, வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் தலித் தொழிலாளர் பலரின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கு கடனில் தொடங்குகிறது. உரிமம் பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். நடுவில் தரகர்கள் நுழைவதால் செலவு லட்சத்தைத் தாண்டுகிறது. நிலம் உள்ளவர் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் பெறுவார். நிலமில்லாதவருக்கு வட்டிக்காரர்தான் கதி. ரூ.1.5 லட்சத்தை நூற்றுக்கு 3 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால், இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் ரூ.1.08 லட்சம். அசல் அப்படியே நிற்கும்.

மிஞ்சியது வீடாகிறது. குடிசை போய்க் கான்கிரீட் வீடு வருவது மரியாதை சார்ந்த விஷயம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீடு சோறு போடாது. மளிகைக் கடையோ டீக்கடையோ வைத்தால் ஊர்த்தெருவில் இருந்து வாடிக்கையாளர் வருவது அரிது. காலனிக்காரர்களின் கூலிதான் அந்தக் கடையின் முதலும் எல்லையும். கையிருப்பு கரைந்ததும் மீண்டும் விசா தேட வேண்டியதுதான்.

நிலம் வாங்கலாமே என்று கேட்கலாம். தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டத்தில் நிலமற்ற பட்டியல் சாதி விவசாயத் தொழிலாளப் பெண்களுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 லட்சம் மானியம் உண்டு. ஆனால் நிலத்தைப் பட்டியல் சமூகத்தவர் அல்லாதவரிடம் வாங்க வேண்டும். விற்பவரை விண்ணப்பதாரரே தேடிக்கொள்ள வேண்டும். காலனிக்காரருக்கு விற்கத் தயங்கும் ஊரில் மானியம் காகிதத்தோடு நின்றுவிடும். சிக்கல் பணத்தில் மட்டும் இல்லை, சாதியிலும் இருக்கிறது.

எனவே விற்க முன்வருவோர் பட்டியலை வட்டம்தோறும் மாவட்ட நிர்வாகமே தயாரிக்க வேண்டும். கடை வைப்போருக்குப் பேருந்து நிலையம், சந்தை போன்ற பொது இடங்களில் உள்ளாட்சிக் கடைகளை இடஒதுக்கீட்டின்படி முறையாக ஒதுக்க வேண்டும். தொழில் தெரிந்து திரும்பியவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பற்றிக் கேட்கலாம். அதில் 35 சதவீத மானியம் உண்டு. சொந்தப் பங்குத் தொகை கட்ட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருப்போருக்கு ஒரு வார்த்தை: கிளம்பும் முன் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு உழைப்புக்கு ஊரில் காட்டக்கூடிய சாட்சி அவைதான்.