ஹைஸ்கூலுக்கென்று வாங்கிய வரி எங்கே?

கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, குளிர் வாங்க மலையேறும் கனவான்கள், அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களையும் பூந்தோட்டங்களையும் பார்த்து மகிழ்ந்துகொண்டே போவார்கள். அத்தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. அது ஆச்சரியமல்ல. ஆனால் கூலிக்காரத் தோழர்களே கேட்காமலிருப்பதுதான் நமக்கு வருத்தமாயிருக்கிறது. ஏனெனில், அப்பிள்ளைகளின் ஹைஸ்கூல் படிப்புக்கென்று சொல்லி அவர்களிடமிருந்தே சர்க்கார் வரி வாங்கியிருக்கிறது.

இது நம் கற்பனையல்ல. 2004-ல் இந்திய சர்க்கார் ஆரம்பக் கல்விக்கென்று நூற்றுக்கு 2 வீதம் ஒரு மேல்வரி போட்டது. 2007-ல் ஹைஸ்கூல் படிப்புக்கும் காலேஜ் படிப்புக்கும் என்று நூற்றுக்கு 1 வீதம் மற்றொரு மேல்வரி போட்டது. இதற்கு செஸ் என்று பெயர். அதாவது வரியின்மேல் வரி. வருமான வரி கட்டுகிற பணக்காரர் மாத்திரமே இதைக் கொடுத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். தொழிற்சாலைச் சரக்கின் கலால் வரியிலும், செல்போன் பேச்சுக்கான சேவை வரியிலும் 2015 வரை இது சேர்ந்தே வந்தது. சேவை வரி நூற்றுக்கு 12 ரூபாய் என்றிருந்தபோது, அந்த 12 ரூபாயின்மேல் 12 காசு இந்தப் பெயரால் போயிற்று. பூப்பறிக்கிற அம்மாளும் அந்தக் காசைக் கொடுத்தவர்தான்.

காசு காசாகச் சேர்ந்தது எவ்வளவு? சர்க்காரின் சொந்தத் தணிக்கை அதிகாரியே கணக்குச் சொன்னார்: 2016-17 வரையில் 83,497 கோடி ரூபாய். இப்பணத்தைப் போட்டுவைக்க ஒரு தனி நிதியும் ஏற்படுத்தவில்லை, இன்ன திட்டத்துக்குச் செலவு என்று குறிக்கவுமில்லை என்றும் அவரே சொன்னார். ஹைஸ்கூல், காலேஜ் கல்வி நிதி என்று ஒன்றை வைக்க மந்திரிசபை சம்மதித்தது 2017 ஆகஸ்டில்! வரி போட்டதோ 2007-ல்!

பழனி உண்டியலில் பணம் போடுவது மடமை என்று நாம் சொல்லி வருகிறோம். ஆனால் அந்த உண்டியலைக்கூட நாலு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, இவ்வளவு ரூபாய் என்று வெளியிடுகிறார்கள். சர்க்கார் வைத்த இந்த உண்டியலுக்கோ பத்து வருஷம் பெட்டியே இல்லை!

"அப்பணமும் கல்வி பட்ஜெட்டில்தானே செலவாயிற்று?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். அப்படியானால், வழக்கமாகக் கொடுக்க வேண்டியதை இந்தப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வேறு எதற்கோ எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன ருசு? ருசு காட்டத்தானே தனிக் கணக்கு?

இன்னொரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். மற்ற மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸில் பங்கு இல்லை. பள்ளிக்கூடச் செலவில் பெரும்பாகத்தைத் தாங்குவதோ மாநிலங்கள். ஹைஸ்கூல் திட்டத்துக்கு 2009-ல் மத்திய சர்க்கார் 75 பங்கு, மாநிலம் 25 பங்கு என்று ஆரம்பித்தார்கள். 2015-ல் அது 60-க்கு 40 ஆயிற்று. 2018-ல் செஸ்ஸை 3-லிருந்து 4 ஆக்கி, சுகாதாரத்தையும் அதில் சேர்த்தார்கள். வாங்குகிற கை நீளுகிறது. கொடுக்கிற கை குறுகுகிறது.

தேச வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொல்லிற்று. 1968, 1986, 2020 ஆகிய மூன்று கல்விக் கொள்கைகளும் அதையே ஜபம் செய்தன. எந்த வருஷத்திலும் அந்த 6 வரவில்லை. ஜபத்தால் மழை வராதது போலவே பணமும் வரவில்லை.

இதனால் நஷ்டப்படுகிறவர் யார்? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது தாண்டினால் ஆபத்தான தொழில் தவிர மற்ற வேலைக்கு வைக்கலாம் என்கிறது. உரிமை முடிகிற அதே வயதில் கூலி ஆரம்பம்! மத்திய சர்க்காரின் மதிய உணவும் எட்டாம் வகுப்போடு சரி. இந்நாட்டில் பத்தாம் வகுப்புவரை சாப்பாடு போடுவது 1984 முதல் மாநிலத்தின் ஏற்பாடு. 1953-ல் அரைநாள் படிப்பு, அரைநாள் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது, மக்கள் எதிர்த்தார்கள், 1954-ல் அது ஒழிந்தது. இன்று யாரும் அப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. எட்டாம் வகுப்புக்குமேல் பணமில்லை என்று விட்டுவிட்டால் போதும். பூக்கட்டுகிறவர் மகள் தானாகவே பூக்கட்டப் போய்விடுவாள்.

இருக்கிற பணத்தையாவது கொடுக்கிறார்களா? 2024-25-க்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குரிய 2,152 கோடி ரூபாயை, புதுக் கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். மாநில சர்க்கார் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. நம்மிடம் வாங்கிய வரிக்கு நாமே நிபந்தனைக்கு உட்பட வேண்டுமாம்! இதற்குப் பெயர் உதவியா?

ஆகவே தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கோயிலுக்கு என்ன செய்வீர் என்று கேட்காதீர்கள். ஹைஸ்கூலுக்கென்று வாங்கிய பணத்துக்குக் கணக்கு எங்கே, 18 வயதுவரை படிப்பு உரிமை எப்போது என்று கேளுங்கள். பதில் வரும்வரை, உங்கள் பெண்ணை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பாமல் தோட்டத்துக்கு அனுப்புவதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூலி இன்றைக்கு வரும், நாளைக்குத் தீரும். நிறுத்திய படிப்பு திரும்ப வருவது கஷ்டம்.