எத்தனை ஜிபி எண்டு கேக்கிறதை நிப்பாட்டுவம்

"மச்சான், எத்தனை ஜிபி?" புதுசா கொம்பியூட்டர் பூட்டின எவனிட்டையும் நாங்கள் முதல் கேட்பது இதைத்தான். றாம் எத்தனை ஜிபி, கிராபிக்ஸ் கார்ட் எத்தனை ஜிபி. இலக்கம் பெரிசெண்டால் எங்களுக்குச் சந்தோசம். கடைக்காரருக்கும் அது தெரியும். அதனால்தான் எங்களுக்கு இலக்கத்தை விற்கிறார்கள்.

எங்கட நண்பன் ஒருவன் கலியாண வீடியோ எடிட் பண்ணிச் சேர்த்த காசில கொம்பியூட்டர் பூட்டினான். ரைசன் 5 5600ஜி புரொசசர். 8 ஜிபி றாம், ஒரே ஸ்டிக். அதோட, "கேமுக்குத் திறம் தம்பி" எண்டு சொல்லி 4 ஜிபி கார்ட் ஒண்டையும் தலையில கட்டிவிட்டினம். பெட்டியின் மூலையில் சின்ன எழுத்தில் டிடிஆர்3, 64 பிட் எண்டு இருந்தது. அவன் பார்க்கவில்லை. வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்து "சுப்பர்" போட்ட நாங்களும் பார்க்கவில்லை.

5600ஜிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. தனக்கென்று மெமரி இல்லாததால் அது றாமைத்தான் பாவிக்கும். டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் செக்கனுக்கு 25.6 ஜிபி கொடுக்கும். இரண்டு போட்டால் 51.2. அவன் வாங்கின கார்டின் மெமரியோ 14.4 தான். அதாவது, காசு குடுத்துக் கொம்பியூட்டரை மெதுவாக்கியிருக்கிறான்!

நாங்கள் கார்டைக் கழற்றினோம். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் இரவல் வாங்கி, மதர்போர்ட் புத்தகம் சொன்னபடி இரண்டாம், நாலாம் ஸ்லொட்டுகளில் போட்டோம். மொனிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினோம். பயோஸில் எக்ஸ்எம்பி போட்டிருக்கவில்லை, 3200 றாம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் போட்டோம். விக்கிவிக்கி ஓடின கேம் ஒழுங்கா ஓடிச்சு.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? என்விடியா 2017இல் ஜிடி 1030 கார்டை ஜிடிடிஆர்5 மெமரியோடு விட்டது, செக்கனுக்கு 48 ஜிபி. அடுத்த வருசம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்றை விட்டது, கிட்டத்தட்ட 17. இரண்டுமே 2 ஜிபி. பெயரைப் பார்த்து வாங்குறவன் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? 2022 செப்டெம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 எண்ட ஒரே பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி எண்டு இரண்டு அறிவித்தார்கள், உள்ளே சிப்பே வேறு. சனம் கத்தினது. 12 ஜிபியை விற்பனைக்கு வர முன்னமே திருப்பி எடுத்தார்கள். கத்தினால் கேட்கும்.

ஜிபி முக்கியமில்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. நல்ல கார்டிலும் மெமரி நிரம்பினால் படம் விக்கும். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, என்ன மெமரி, எத்தனை பிட்? றாம் எண்டால், ஒரு ஸ்டிக்கா இரண்டா?

"எங்கட நாட்டு விலைக்குக் கிடைக்கிறதை வாங்கிறதுதானே" எண்டும் சிலர் சொல்லுவினம். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. அந்த விலை குடுக்கிற நாங்கள்தான் சின்ன எழுத்தை வாசிக்க வேணும்.

அவன் கார்டைத் திருப்பிக் குடுக்கப் போனான். பெட்டி உடைச்சாச்சு, எடுக்க ஏலாது எண்டுட்டினம். இப்ப அது எங்கட மேசையில கிடக்குது. கார்ட் வாங்கப் போறவை வந்து பெட்டியின் அந்த மூலையை ஒருக்கா பார்த்திட்டுப் போங்கோ.